வெளிச்சத்துக்கும் ஒரு விதி எழுதுங்கள்

பெருந்தொற்றுக் கால விதிகளை வகுக்கும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கும், அவற்றைத் தெருவுக்குத் தெரு நடைமுறைப்படுத்தும் நகர நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

அடுத்த பெருந்தொற்றுக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. நாடுகளும் தங்கள் பங்குக்குப் பழைய திட்டங்களைத் தூசி தட்டித் திருத்துகின்றன. தடுப்பூசியை எப்படிப் பகிர்வது, முகக்கவசம் எவ்வளவு இருப்பு வைப்பது, ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்று எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்கியிருப்பீர்கள். குளிர்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறீர்களா? குளிரில் கிருமி வேகமாகப் பரவும் என்ற பக்கத்தைக் கேட்கவில்லை. அது கட்டாயம் இருக்கும். குளிரில், இருட்டில், அடைபட்ட மனிதர்கள் என்ன ஆவார்கள் என்ற பக்கத்தைக் கேட்கிறேன்.

2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார அமைப்பு சொன்னபோது உலகின் வடபாதியில் வசந்தம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. பயந்தோம், அடைபட்டோம், பொருள் வாங்க வரிசையில் நின்றோம். ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. முதல் ஊரடங்கைத் தாக்குப்பிடித்ததற்கு நம் மனவலிமைதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். பாதி வேலையைச் சூரியன் பார்த்தது. அதே விதிகள் நவம்பரில் திரும்பி வந்தபோதுதான் அது தெரிந்தது. ஏப்ரலில் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று நீங்கள் சொன்னபோது நாங்கள் வீட்டில் இருந்தோம். டிசம்பரில் அதையே சொன்னபோது இருட்டில் இருந்தோம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்றானபின், பிற்பகல் வீடியோ கூட்டங்களில் எல்லோருடைய முகமும் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் பூக்கும். வெளியே பொழுது சாய்ந்திருக்கும். அறையில் விளக்குப் போட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கூட்டம் நடக்கிறதே என்று ஒரு தயக்கம், அப்புறம் ஒரு சோம்பல். கடைசியில் கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் முகத்தில் அடிக்க, இருட்டுக்குள்ளிருந்து தலைகள் பேசிக்கொண்டிருக்கும். கூட்டம் முடிந்து எழுந்தால் அன்றைய பகல் போயிருக்கும். காலையில் வேலையைத் தொடங்கும்போதும் இருட்டு, முடிக்கும்போதும் இருட்டு. நடுவில் கிடைத்த கொஞ்சம் பகலை முழுதாக மேசை எடுத்துக்கொண்டது. அலுவலகத்துக்குப் போய்வந்த நாட்களில் பேருந்து நிறுத்தம் வரை நடக்கும் அந்தப் பத்து நிமிடமாவது வானம் தலைக்கு மேல் இருந்தது. அது போனதை யாரும் ஒரு இழப்பாக எழுதி வைக்கவில்லை.

இதை வெறும் அலுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். வெயிலில் வளர்ந்தவர். வடக்கின் குளிர்காலம் ஒரு ஆளை என்ன செய்யும் என்பதை முதலில் தன் மேலேயே பார்த்தார். 1984இல் அவரும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் சக ஆய்வாளர்களும் 29 நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரைதான் பருவகால மனச்சோர்வுக்கு மருத்துவத்தில் ஒரு இடம் வாங்கித் தந்தது. தூங்கித் தீராத தூக்கம், மாவும் இனிப்புமாகத் தின்னத் தூண்டும் பசி, கூடும் எடை, யாரையும் பார்க்கப் பிடிக்காமை என்று போகிறது அறிகுறிகளின் பட்டியல். அதைப் படித்தால் ஊரடங்குக் குளிர்காலத்தில் நமக்குத் தெரிந்த பலருடைய நாட்குறிப்பு மாதிரியே இருக்கும். எல்லோருக்கும் அது நோயாக முற்றுவதில்லை. ஆனால் லேசான வடிவில் அது தொடாத ஆட்கள் வடக்கே குறைவு.

காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரையில் பார்வைக்கான செல்களோடு, சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் என்பதை மூளைக்குச் சொல்வதற்கென்றே தனியாக ஒரு வகை நரம்புச் செல்கள் உண்டு. அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002இல்தான் உறுதியானது. உடம்பின் கடிகாரத்தை அன்றாடம் சரிசெய்வது அவைதான். அந்தச் செல்களுக்கு அறை விளக்கு போதாது. நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கிற அலுவலக மேசையில் கிடைப்பது 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான். வீட்டு முன்னறையில் ராத்திரி 100 இருந்தாலே பெரிது. மேகம் மூடி, மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு குளிர்கால நண்பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். கோடை நண்பகல் வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். பருவகால மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் விளக்கின் அளவு 10,000 லக்ஸ், காலையில் அரை மணி நேரம். அதாவது, எந்தப் பகலை நாம் ‘மப்பு மந்தாரம், வெளியே போய் என்ன பண்ணப்போகிறோம்’ என்று தள்ளிவிடுகிறோமோ அதில்கூட, வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டாலும் கிடைக்காத வெளிச்சம் இருக்கிறது.

வைட்டமின் டி மாத்திரை கொடுத்தோமே என்று நீங்கள் சொல்லலாம். பிரிட்டனில் 2020-21 குளிர்காலத்தில், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அரசே அதை இலவசமாகத் தர ஏற்பாடு செய்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது எலும்புக்கும் தசைக்கும். மாத்திரையை விழுங்கினால் கண்ணுக்குள் வெளிச்சம் போய்விடாது.

மாத்திரையைவிட எங்களை வதைத்தது உங்கள் குறிப்புகள். குளிர்காலத்தைச் சமாளிப்பது எப்படி என்று அந்த நாட்களில் எத்தனை சுவரொட்டிகள், எத்தனை குறுஞ்செய்திகள்! மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நன்றி சொல்ல வேண்டியவற்றைத் தினமும் எழுதுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், செய்தியைக் குறையுங்கள். எதுவும் தவறில்லை. ஆனால் அந்தச் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்த பூங்காவின் வாசலுக்குப் பூட்டுப் போட்டதும் நீங்கள்தானே? மனம் சோர்ந்தவனுக்கு அறிவுரை சொல்ல அவன் அம்மா இருக்கிறார், நண்பர்கள் இருக்கிறார்கள், தேவைப்பட்டால் மருத்துவர் இருக்கிறார். உங்களால் மட்டுமே முடிந்த வேலை வேறு. பகலில் வெளியே போக வழி விடுவது.

வழி விட்டால் தொற்று பரவுமே என்று யோசிப்பீர்கள். இங்கேதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மனத்துக்கு எது நல்லதோ அதுவே தொற்றுக்கும் நல்லதாக அமைந்த அபூர்வமான இடம் இது. அதைக் கோட்டைவிட்டோம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். ஒருவருக்கு அறிகுறி இருந்தது. உறுதியானவர்களையும் சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்தால் 53 பேர் படுத்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். மூடிய அறைக் காற்றின் வேலை அது. ஆனால் அதே மாதக் கடைசியில், கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார அமைப்பு சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகளின் ஆதரவோடு ஒரு திறந்த மடல் வந்தது, காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று. அதன்பின்தான் பேச்சு மாறத் தொடங்கியது. (திறந்த மடல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.) பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பதிவான தொற்றுகளில் திறந்த வெளியில் ஏற்பட்டவை 10 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள்.

இவ்வளவு இருந்தும் என்ன செய்தோம்? 2020 ஏப்ரலில் பாரிஸ் நகரம் காலை 10 மணியிலிருந்து மாலை 7 மணி வரை வெளியே ஓடக்கூடாது என்றது. பகலின் நல்ல பாகத்தை அப்படியே அடைத்துவிட்டு, இருக்கிற எல்லோரையும் விடியற்காலையிலும் அந்தியிலும் ஒன்றாக வெளியே விட்டது. அது வசந்த காலம், சமாளித்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் பிரான்ஸ் முழுக்க, வெளியே நடக்க மறுபடி ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், கையில் ஒரு படிவம். தெற்கே மெல்பர்ன் நகரத்துக்கு 2020இன் நடுப்பகுதிதான் குளிர்காலம். 112 நாள் நீண்ட ஊரடங்கில் கடுமையான கட்டத்தின்போது நாளுக்கு ஒரு மணி நேர நடை, ஐந்து கிலோமீட்டருக்குள். 2021 ஜனவரியில் இங்கிலாந்தின் டார்பிஷயரில் இரண்டு தோழிகள் ஆளுக்கொரு சூடான பானத்தோடு நீர்த்தேக்கக் கரையில் நடக்கப் போனார்கள். கையில் கோப்பை இருந்தால் அது உல்லாசப் பயணம் என்று போலீஸ் அபராதம் போட்டது. ஊர் சிரித்த பிறகு அபராதத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டார்கள். அந்தக் காவலர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று விதி சொல்லாதபோது, கண்ணில் படுவதெல்லாம் குற்றமாகத்தான் தெரியும்.

பூங்கா பெஞ்சுகளைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மழையில் நனைந்து தொங்கி, காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். நான் நடக்கும் பாதையில் அப்படி ஒரு பெஞ்சு. கைத்தடியோடு ஒரு பெரியவர் அதுவரைக்கும் வருவார். பெஞ்சின் முதுகில் சாய்ந்து, நாடாவில் படாமல், மூச்சு வாங்கி நிற்பார். தள்ளி நின்று, “ஏன் சார், உட்காரக்கூடாதா?” என்று நான் கேட்டதற்கு, “உட்காரத்தானே தடை, சாய்வதற்கு இல்லையே” என்று சிரித்தார். சில நாள் கழித்து அவர் வரவில்லை. அவருக்கு எதுவும் ஆகவில்லை. நடுவில் உட்கார இடமில்லாததால் மகள் வெளியே விடுவதில்லை என்று பிறகு தெரிந்தது. நாடா தடுத்தது உட்காருவதை மட்டுமில்லை. அவர் வீட்டிலிருந்து கிளம்புவதையே தடுத்தது. எழுபது வயதுக்காரர் எத்தனை தூரம் நடப்பார் என்பதை முடிவுசெய்வது அவர் கால்கள் அல்ல, அடுத்த பெஞ்சு எங்கே என்பதுதான். இதை உங்கள் அலுவலகத்தில் யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி நார்வேக்குப் போவோம். அங்கே ரியூக்கன் என்று ஒரு சிற்றூர், செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒரு இடுக்கில் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, ஏறக்குறைய அரை ஆண்டு, நேர் வெயில் ஊருக்குள் இறங்காது. மலைக்கு அந்தப் பக்கம் வெயில் காயும், ஊர் நிழலிலேயே கிடக்கும். 1928இல் அங்கிருந்த நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தார், ஊர் ஜனங்கள் குளிர்காலத்தில் மேலே போய் வெயில் படட்டும் என்று மலைக்கு ஒரு கம்பிவடப் பெட்டி வண்டி போட்டுக் கொடுத்தார்கள். உரம் தயாரிக்கும் கம்பெனி அது. வேலைக்காரர்கள் மேல் தனிப் பாசம் என்று சொல்ல வரவில்லை. வெயில் படாத ஆளிடம் வேலை வாங்க முடியாது என்ற கணக்காகக்கூட இருக்கலாம். எப்படியோ, கணக்கில் வெயிலைச் சேர்த்தார்கள். 2013இல் ஊராட்சி இன்னொரு படி மேலே போனது. ஊருக்கு 450 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில், ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர் உள்ள மூன்று கண்ணாடிகளை நிறுத்தினார்கள். கணினி அவற்றைச் சூரியன் போகும் போக்கில் திருப்பிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் பட்ட வெயில் கீழே ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் அளவுக்கு ஒரு திட்டாக விழும். அவ்வளவுதான், ஒரு சதுக்கம். செலவு தண்டம் என்று எதிர்த்த உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். இருந்தும், வெயில் ஒரு பொதுச் சொத்து, அதைக் குடிநீர் மாதிரி ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பது நிர்வாகத்தின் வேலை என்று ஒரு ஊராட்சி நினைத்ததல்லவா, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உங்களிடம் மலை உச்சியில் கண்ணாடி கேட்கவில்லை. நான் கேட்பதற்குச் செலவு குறைவு. முதலில், நண்பகல். குளிர்காலத்தில் ஊரடங்கு போட்டால், 11 மணியிலிருந்து 2 மணிக்குள் ஒரு மணி நேரத்தை வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூட்டமோ வகுப்போ இல்லாத நேரமாக அறிவியுங்கள். ஊர் மொத்தத்துக்கும் ஒரே மணி நேரம் வேண்டாம், கூட்டம் சேரும். மூன்றாகப் பிரியுங்கள். பிரான்சில் 2021 ஜனவரியில் மாலை 6 மணிக்கே நாடு முழுக்க ஊரடங்கு வைத்தபோது, வேலைக்கு மட்டும் பகல், மற்றதற்கெல்லாம் வீடு என்று ஆகிப்போனது. வேலைநேரத்தில் கை வைக்காமல் ஓய்வுநேரத்தில் மட்டும் கை வைக்கிற எந்த விதியும் குளிர்காலத்தில் பகலைப் பிடுங்கிக்கொள்ளும். பூமத்திய ரேகையிலிருந்து 60 பாகை வடக்கில் இருக்கும் ஊர்களில் டிசம்பர் கடைசியில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் பகல். சூரியன் உச்சிப்பொழுதில்கூட ஏழு பாகை உயரம் ஏறாது, எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டாது. அந்த ஆறு மணி நேரத்தில் ஒன்றை எங்களிடம் விட்டால் போதும்.

பெஞ்சுகளைக் கட்டாதீர்கள். துடைக்க ஆள் போடுங்கள், இடைவெளி விட்டு இன்னும் சில பெஞ்சு போடுங்கள். இருட்டிய பிறகும் நடக்க வேண்டியவர்கள் உண்டு. நடைபாதை விளக்குகளைச் சிக்கனம் என்று அணைக்காதீர்கள். அப்புறம், வெளியே வர முடியாதவர்கள். முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இருப்பவர்களுக்கு ஜன்னலோரப் படுக்கை ஒரு சலுகையாக இருக்கக்கூடாது, முறை வைத்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். 1984இல்தான் இன்னொரு ஆய்வும் வந்தது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வலிமருந்தும் குறைவாகக் கேட்டார்கள் என்று ரோஜர் உல்ரிச் எழுதினார். பொது முடக்கத்தில் நாம் பல லட்சம் பேரைச் செங்கல் சுவரைப் பார்க்க வைத்தோம். பகல் முழுக்கத் தூங்கி இரவு முழுக்க வேலை பார்க்கும் செவிலியர், கிடங்குத் தொழிலாளி, காவலாளி ஆகியோருக்கு நண்பகல் இடைவேளை என்பது கேலி. அவர்கள் வேலையிடத்தில் சிகிச்சை அளவுக்கு வெளிச்சமுள்ள ஒரு ஓய்வறையும், ஒருவருக்கே குளிர்காலம் முழுக்க இரவுப் பணி போடாத சுழற்சியும் வேண்டும்.

தனியாக வாழ்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2020 ஜூனில்தான், தனியாக இருப்பவர் இன்னொரு வீட்டாரோடு சேர்ந்துகொள்ளலாம் என்ற விதி வந்தது. அதற்குள் ஊரடங்கு தொடங்கி இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெல்ஜியத்தில் அந்த நவம்பரில், வீட்டுக்குள் நெருங்கிப் பழக ஆளுக்கு ஒருவர் என்று அரசாங்கமே அனுமதி கொடுத்தது. யாரைத் தொடலாம் என்று அரசாணை போடுவதைக் கேட்டுச் சிரிப்பு வரலாம். யாரையும் தொடாமல் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர் சிரிக்க மாட்டார். அடுத்த முறை இந்த விதி முதல் நாளே, முதல் அறிவிப்பிலேயே இருக்கட்டும்.

அறிவிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ராத்திரி எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் வந்து, நாளையிலிருந்து எல்லாம் மூடல் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இருட்டில் கேட்கும் கெட்ட செய்தியோடுதான் படுக்கப் போக வேண்டியிருக்கிறது. மதியம் சொல்லுங்கள். எப்போது மறுபரிசீலனை என்று தேதி போட்டுச் சொல்லுங்கள், அந்தத் தேதி தள்ளிப்போனால் அதையும் சொல்லுங்கள். ஜப்பான் 2020 மார்ச்சிலேயே மூடிய இடம், நெரிசலான இடம், நெருங்கிப் பேசும் நிலை மூன்றையும் தவிருங்கள் என்று சொன்ன மாதிரி, எங்கே ஆபத்து என்று காட்டினால் போதும். மிச்ச இடத்தில் நாங்கள் வாழ்ந்துகொள்வோம்.

அதே நார்வேயில், வடதுருவ வட்டத்துக்கும் மேலே இருக்கும் ட்ரொம்ஸோ நகரத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் அடிவானத்தைத் தாண்டுவதில்லை. அங்கே போய் ஆய்வு செய்த கேரி லைபோவிட்ஸ் என்ற உளவியலாளர், குளிர்காலத்தை ரசிக்கும் மனப்போக்கு அந்த ஊர்க்காரர்களுக்குக் கைகொடுக்கிறது என்கிறார். இதை மேற்கோள் காட்டி, எல்லாம் மனம் போடும் கணக்குதான் என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. சரி. ஆனால் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் விளக்குப் போட்ட பனிச்சறுக்குத் தடங்களையும் அமைத்திருக்கிறார்கள். வெளியே போக வழி இருக்கும் இடத்தில்தான் அந்த மனப்போக்கும் வளர்ந்திருக்கிறது. தடத்தைப் போட்டுவிட்டு மனப்போக்கைப் பற்றிப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் திறந்த ஜன்னல் வழியாக வெளியே போவது கிருமி மட்டுமல்ல, வீட்டை வெதுவெதுப்பாக்கக் கட்டிய பணமும்தான். வருமானம் நின்ற வீட்டில் யார் திறப்பார்கள்? வெப்பமூட்டும் செலவில் ஒரு பங்கை அந்த மாதங்களில் அரசு ஏற்றால், காற்றோட்டம் பற்றிய உங்கள் விளம்பரங்களுக்கு ஆகும் செலவு குறையும்.

இவற்றை வரைவில் சேர்த்த பிறகு, பொதுமக்கள் கருத்துக்கு வைப்பீர்கள் என்று நம்புகிறேன். அதைத் தயவுசெய்து ஜூன், ஜூலையில் வைக்காதீர்கள். வெயில் நன்றாக அடிக்கும்போது இதெல்லாம் அனாவசியம் என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிடுவோம். இருட்டில் உட்கார்ந்து எழுதிய கருத்துகள்தான் உங்களுக்கு வேண்டும். அதனால் ஜனவரியில் வையுங்கள், பதில் எழுத ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் குளிர்காலத்தின் விதிகள் எல்லாவற்றையும் கடைப்பிடித்த ஒரு குடிமகன்